ஐந்தே கால் அடி நானும் ஆறடி பைக்கும்!

"ஸார், இது டீசல் வண்டியா?"

வாங்கிய மூன்றாம் நாள், ஓசூர் பெட்ரோல் பங்கில், என் பைக்கை ஒரு முறை பிரதட்சிணம் வந்துவிட்டு ஒரு பெரியவர் கேட்டார். அவர்மேல் தப்பில்லை. முன்னால் பருந்து மூக்கு மாதிரி ஒரு நீட்டல், மார்புக்கு நேரே காற்றுத் தடுப்புக் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி... ரேஷன் சாமான் ஏற்றிக்கொண்டு இமயமலைக்குக் கிளம்பிய மாதிரி இருக்கும். 'அட்வென்ச்சர் டூரிங்' வகை. வெளிநாட்டுக் கம்பெனி, செகண்ட் ஹேண்ட், 48 மாசத் தவணை. வண்டி 210 கிலோ. நான் 58 கிலோ.

கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். தவணையே மூச்சு முட்டுகிறது, வக்கீல் ஃபீஸ் வேறு தாங்காது! ஓசூரில் தயாரான வண்டி இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நான் ஊருக்குள் நடமாட முடியாது.

ஏனென்றால் எங்கள் ஊர் அப்படி. கைக்கடிகாரம் செய்கிறவர், லாரி செய்கிறவர், பைக் செய்கிறவர் எல்லாரும் ஒரே டீக்கடையில்தான் நிற்பார்கள். "ஒரு நட்டு லூஸா இருக்கு" என்று சும்மா சொல்லிப் பாருங்கள். டார்க் ரெஞ்சோடு நாலு பேர் ஓடி வருவார்கள். ஐந்தாவது ஆள், "அது லூஸ் இல்லை ஸார், டாலரன்ஸ்" என்பார்.

இந்த ஊரில் பெரிய பைக் வைத்திருந்தால் முதல் தொல்லை மைலேஜ் கேள்விதான். அதுவும் மூன்று மொழியில்! கடைத்தெருவில் "மைலேஜ் எவ்வளவு?" பாகலூர் ரோட்டில் "மைலேஜ் எந்த வஸ்துந்தி?" ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளி போனால் "மைலேஜ் எஷ்டு பருத்தே?" மூன்று மொழியிலும் என் பதிலைக் கேட்டு உச்சுக்கொட்டும் சத்தம் மட்டும் ஒன்றுதான்.

என்னை மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, கிருஷ்ணகிரி போகும் ஹைவேஸில் ஒரு டீக்கடையில் கூடுவோம். இமயமலை, லடாக் என்றெல்லாம் பேசுவோம் என்று நினைத்தீர்களா? புகார்தான் பேசுவோம்!

குவாலிட்டி கன்ட்ரோல் நண்பர் ஆரம்பிப்பார்: "எண்பதைத் தாண்டினா ரியர் வ்யூ கண்ணாடி நடுங்குது. பின்னால வர்றது லாரியா, என் மாமனாரா, ஒண்ணும் தெரியலை."

பேங்க் நண்பருக்குக் காற்றுத் தடுப்பின்மேல் கோபம். "அறுபதுல தென்றல். தொண்ணூறுல யாரோ பின்னால உட்கார்ந்து ஹெல்மெட்டைக் குட்டிக்கிட்டே வர்ற மாதிரி இருக்கு." கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டும்போது காற்று சுழல்கிறது. அந்தச் சுழல் நேராகத் தலையில் இறங்கினால் இந்தக் குட்டு. கண்ணாடி இன்னும் உயரமாக இருந்தாலும் சரி, நன்றாகக் குட்டையாக இருந்தாலும் சரி, தப்பிக்கலாம். இரண்டும் கெட்டானாக இருந்தால்தான் அவஸ்தை. அவர் இரண்டு அங்குலம் கீழே இறக்கி மாட்டினார். குட்டு நின்றது. இப்போது பூச்சி நேராக முகத்துக்கு வருகிறது என்பது புதுப் புகார்!

தினமும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வரும் நண்பருக்குச் சூடு. "டிராஃபிக்ல நின்னா ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிச்சு, முழங்காலுக்குக் கீழ இட்லிப் பானைதான்." இன்னொருவருக்கு ஹாரன் பட்டன். இடதுபக்கம் திரும்ப இண்டிகேட்டர் போடப் போய் ஹாரன் அடித்து, முன்னால் போன போலீஸ்காரர் திரும்பிப் பார்த்து... விடுங்கள், அது தனிக்கதை.

செயினுக்கு எண்ணெய் போடுவது எல்லாருக்கும் பொதுப் புகார். பலவற்றில் சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. வண்டியை ஒரு முழம் தள்ளு, எண்ணெய் போடு, இன்னொரு முழம் தள்ளு. சோம்பேறித்தனப்பட்டு எஞ்சினை ஓட விட்டு, சக்கரம் சுற்றும்போது செயினைத் துடைக்காதீர்கள். துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும்.

என் புகாரை மட்டும் நான் சபையில் வைத்ததே இல்லை. வெட்கம்! ஸீட் உயரம் 84 சென்டிமீட்டர். என் கால் உயரம் 73. உட்கார்ந்தால் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும். அப்போதும் இரண்டு பாதமும் தரையை எட்டாது. நுனிவிரல்தான். சிக்னலில் நான் நிற்பதைப் பார்த்தால் பரதநாட்டியம் அரங்கேற்றம் மாதிரி இருக்கும்.

இது வண்டி செய்தவர் பண்ணிய தப்பு இல்லை. கல்லும் பள்ளமும் தாண்ட வேண்டிய வண்டி. அடிவயிறு தரையில் இடிக்கக் கூடாது, சஸ்பென்ஷன் நிறைய ஏறி இறங்க வேண்டும். அதனால் உயரம் வந்தே தீரும். இந்த வகை பெரிய பைக்குகளுக்கு மூத்த அண்ணன் என்று சொல்லப்படுவது பி.எம்.டபிள்யூ. 1980-ல் கொண்டுவந்த ஆர் 80 ஜி.எஸ். 'ஜி' என்றால் ஜெர்மன் மொழியில் கரடுமுரடான நிலம், 'எஸ்' என்றால் ரோடு. மறு வருடமே, 1981-ல், பாரிஸ்-டக்கார் பாலைவனப் பந்தயத்தில் ஹூபர்ட் ஓரியோல் அதில் ஜெயித்தார்.

அதே 1980-ல் எங்கள் ஓசூரில் என்ன நடந்தது தெரியுமா? டி.வி.எஸ். 50 பிறந்தது! ஐம்பதே சிசி, இரண்டு பேர் போகலாம். அங்கே பாலைவனத்துக்கு ஒரு வண்டி, இங்கே பால்காரருக்கு ஒரு வண்டி. சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பம். 2013-ல் டி.வி.எஸ்ஸும் பி.எம்.டபிள்யூவும் ஒப்பந்தம் போட்டு சம்பந்தி ஆனார்கள். 313 சிசி ஜி 310 ஜி.எஸ். ஓசூரில் தயாராகி 2018-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 2025-ல் டி.வி.எஸ். தன் பெயரிலேயே அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300 என்று ஓர் அட்வென்ச்சர் பைக்கையும் கொண்டுவந்தது. இந்தப் பெருமையில்தான், 'நம்ம ஊர்க்காரன் ஓட்டாத பைக்கா!' என்று நானும் மார்தட்டினேன். மார் தட்டியது சரி, கால் எட்டவில்லையே!

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிருஷ்ணகிரி அணைக்கு நானும் என் மனைவியும் போய்விட்டுத் திரும்புகிறோம். சூளகிரி தாண்டி ஒரு டீக்கடை. "ஏங்க, ஒரு டீ சாப்பிடலாமா?" என்றாள். ரோட்டை விட்டு இறக்கினேன். ஜல்லி. இடதுபக்கம் லேசாகச் சரிவு. வண்டி நின்றது. இடது காலை நீட்டினேன்.

அங்கே தரை இல்லை!

ஒரு சாண் கீழே இருந்தது. 210 கிலோவும், இரண்டு பேரும், பெட்டியும் நிதானமாக, சினிமாவில் ஸ்லோமோஷன் காட்டுவார்களே அந்த மாதிரி, சாய்ந்தோம். ஸ்பீடாமீட்டரில் பூஜ்யம். டீக்கடைக்காரர் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுடைய இடது கணுக்கால் வண்டிக்கு அடியில்.

எலும்பு முறியவில்லை. தசைநார் கிழிந்திருந்தது. மூன்று வாரம் மாவுக்கட்டு. அவள் என்னைத் திட்டவே இல்லை. ஒரு நாள் மட்டும், "உங்களுக்குக் கால் எட்டலைன்னு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியும்" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். பார்க்க வந்தவர் மூன்று பேர். மூன்று பேரும் கேட்டது மைலேஜ்!

அப்போதுதான் கிருஷ்ணகிரியிலிருந்து அப்பா வந்தார். என்னையும் அம்மாவையும் ஒரு மாம்பழக் கூடையையும் பழைய மொபெட்டில் ஏற்றிக்கொண்டு இருபது வருடம் ஓட்டிய மனுஷன். வாசலில் என் பைக்கை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டா, இது ஓடறதுல என்ன குறை?"

கண்ணாடி நடுங்குவது, காற்று, சூடு, ஹாரன் என்று பட்டியல் வாசித்தேன்.

"அதெல்லாம் எந்த வண்டியிலடா இல்லை? என் வண்டியிலயும் நூறு இருந்துச்சு. ஆனா எனக்குக் கால் எட்டுச்சு. எட்டாத வண்டியில பொண்டாட்டியை உட்கார வெச்சுட்டு, கண்ணாடி நடுங்குதுன்னு சொல்றியே!"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குச் சுரீர் என்றது. ஆறு பேரும் வாரா வாரம் சொல்லிச் சிரித்ததெல்லாம் சின்னக் குறை. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் பெரிய குறை!

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து சொன்னேன். "எனக்குக் கால் எட்டலை." யாரும் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் கழித்து ஸ்டோர்ஸ் நண்பர், "எனக்கும்தான்" என்றார். பிறகு பேங்க் நண்பர். ஆறு பேரில் மூன்று பேர் நுனிவிரல் கோஷ்டி!

அதன்பின் செய்ததை, ஆசைப்படும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன்.

ஸீட் தைக்கிற கடையில் பஞ்சைச் செதுக்கி உயரத்தைக் குறைத்தேன். முக்கியமாக முன்பக்கத்தை ஒடுக்கினேன். ஸீட் அகலம் குறைந்தாலே கால் நேராக இறங்கும். பஞ்சு குறைந்ததால் ஐம்பது கிலோமீட்டரில் பின்பக்கம் வலிக்கிறது. வலிக்கட்டும்!

சிலர் சஸ்பென்ஷனையே இறக்குவார்கள். அப்படி இறக்கினால் ஸைடு ஸ்டாண்டையும் அதற்கேற்பக் குட்டையாக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நெட்டுக்குத்தாக நின்று, காற்றடித்தால் மறுபக்கம் விழும். ஸைடு ஸ்டாண்ட் சாதாரண சமாசாரம் இல்லை. 2018 இறுதியில் அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூ. தன் 310 வரிசை பைக்குகளைத் திரும்ப அழைத்ததே ஸைடு ஸ்டாண்ட் பொருத்தப்பட்டிருந்த இடத்துக்காகத்தான்!

இரண்டு காலாலும் நுனிவிரலில் தொங்குவதைவிட, இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரே காலை முழுசாக ஊன்றுவது மேல். மற்ற கால் பிரேக்கில். நிறுத்துவதற்கு முன் ரோட்டைப் பார்க்காதீர்கள், கால் வைக்கப் போகும் இடத்தைப் பாருங்கள். சரிவு, ஜல்லி, ஈரம் என்றால் பத்தடி தள்ளி நிறுத்துங்கள். டீ ஆறிவிடாது. பின்னால் உட்காருகிறவர், நீங்கள் "ம்" சொன்ன பிறகுதான் ஏற வேண்டும், இறங்க வேண்டும்.

விழுந்த வண்டியைத் தூக்க முதுகை வளைக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஸீட்டில் இடுப்பைச் சாய்த்து, ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் பின்கம்பி பிடித்து, காலால் தள்ளி எழுந்திருங்கள். 2004-ல் லண்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பெரிய ஜி.எஸ். பைக்கில் போன ஹாலிவுட் நடிகர் ஈவான் மெக்ரெகரே வழியில் எத்தனையோ தடவை சாய்த்திருக்கிறார். நமக்கு என்ன வெட்கம்!

ஒரு காலி மைதானத்தில், பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, நாலு ஞாயிறு வட்டமடித்தும் நிறுத்தியும் பழகினேன். ஐந்தாவது ஞாயிறு என் மனைவி வாசலுக்கு வந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை. என் இடது செருப்பைப் பார்த்தாள். குதிகால் தரையில்.

"ம் சொல்லுங்க" என்றாள்.

"ம்."

ஏறி உட்கார்ந்தாள். அதே சூளகிரி டீக்கடை. இந்த முறை சமதரையில் நிறுத்தினேன். கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டு ஒரு டீக்குக் காசு வாங்கவில்லை.

திரும்பும்போது பங்கில் ஒரு காலேஜ் பையன் கண் விரிய வண்டியைச் சுற்றி வந்தான்.

"அண்ணே, மைலேஜ் எவ்வளவு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

"அதை அப்புறம் கேளு தம்பி. முதல்ல ஏறி உட்கார்ந்து பாரு... கால் எட்டுதா?"