அறிவிப்பாளர் கத்தலாமா?

2024 புத்தாண்டு நாள், மாலை 4:10. ஜப்பானின் நோட்டோ தீபகற்பம் 7.6 அளவு நிலநடுக்கத்தில் ஆடியது. சற்று நேரத்தில் சுனாமி எச்சரிக்கை வந்தது; அந்நாட்டின் பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே.யில் செய்தி வாசித்த பெண்ணின் குரல் உச்சத்துக்கு ஏறியது. டிவி பார்த்துக்கொண்டிருக்காமல் ஓடச் சொன்னார். வழியில் நிற்காதே, திரும்பிப் போகாதே என்று அதட்டினார். ‘எங்களைப் பார்க்காதே’ என்று ஒரு தொலைக்காட்சியே கத்துவது அபூர்வம்தான்.

அவர் நிதானம் இழக்கவில்லை. அது பயிற்சி எடுத்துப் பழகிய கத்தல். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கமும் சுனாமியும் கற்பித்த பாடம் அது.

அன்று பிற்பகல் 2:46-க்கு நிலம் அதிர்ந்தது. மூன்றே நிமிடத்தில் சுனாமி எச்சரிக்கை வந்துவிட்டது. ஆனால் செய்தி வாசித்த குரல் வழக்கம்போல் அமைதியாக இருந்தது. பதறாத குரலைக் கேட்டால் நமக்கும் பதற்றம் வராது, கால்களும் நகராது. போதாததற்கு, முதல் அறிவிப்பு இவாத்தே மாவட்டத்துக்குச் சொன்ன அலை உயரம் 3 மீட்டர். அங்கே தாரோ என்ற ஊரில் தடுப்புச்சுவரே 10 மீட்டர்! வந்த அலை அந்தச் சுவரைத் தாண்டியது. எண்களே ஆளை உட்கார வைத்துவிடும் என்பது புரிந்து, 2013 முதல் மிகப்பெரிய நிலநடுக்கங்களில் முதல் எச்சரிக்கை எண் சொல்வதில்லை, ‘பிரம்மாண்டம்’ என்கிறது.

சொல்லும் மாறியது. ‘ஹினான்’ (பாதுகாப்பாக வெளியேறுதல்) என்பது அலுவலக ஜப்பானியம். நம்மூர் ‘பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ மாதிரி. அதை வாசித்து முடிப்பதற்குள் அலை வந்துவிடும். நோட்டோ நிலநடுக்கத்தன்று திரையில் இருந்தது ‘நிகேதே’, அதாவது ‘ஓடுங்க’. சிறுவர்களும் வெளிநாட்டவரும் படிக்கட்டும் என்று எளிய ஹிராகனா எழுத்தில். ஓஆராய் என்ற கடலோர ஊர் 2011-லேயே ஒலிபெருக்கியில் ‘தயவுசெய்து’ என்பதை விட்டுவிட்டு, கட்டளையாகவே அறிவித்தது.

எல்லா ஆபத்துக்கும் கத்தல் பொருந்தாது. நிலநடுக்க முன்னெச்சரிக்கைக்குக் கிடைப்பது சில விநாடிகள். ஓட நேரமில்லை, மேசைக்கடியில் பதுங்கத்தான் முடியும். கவனத்தை இழுக்க வேண்டும், கலவரப்படுத்தக் கூடாது, காது மந்தமானவருக்கும் கேட்க வேண்டும். இப்படியொரு மணியோசையை 2007-ல் என்.எச்.கே.வுக்காக உருவாக்கியவர் ஒலியியல் ஆய்வாளர் தோரு இஃபுகுபே. அதற்கான சுரங்களை அவர் எடுத்தது தன் குடும்பத்துப் பெரியவர் அகிரா இஃபுகுபேயின் சிம்பொனி ஒன்றிலிருந்து. 1954-ல் ‘காட்ஸில்லா’ படத்துக்கு இசையமைத்தவரும் இந்த அகிராதான்.