நாயும் நம் இயல்பும்

சங்க இலக்கியம் ‘ஞமலி’ எனச் சுட்டும் நாயை வளர்க்க விழைவோர் பலர் அதன் நிறத்தையே நோக்குகின்றனர். தம் இயல்பை நோக்குவதில்லை. 2005ஆம் ஆண்டு அஞ்சல் தலையில் இடம்பெற்ற இராசபாளையம் நாய் பால்வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பெற்ற அது அயலாரை எளிதில் ஏற்பதில்லை. விருந்தினர் ஓயாது வரும் இல்லத்திற்கு ஒவ்வாது. அவ்வினக் குட்டிகளுள் சில பிறவிச் செவிடாயிருத்தலின், வாங்குமுன் பின்னின்று கைதட்டிப் பார்த்தல் நன்று.

முயல் துரத்தும் சிப்பிப்பாறைக்கோ ஓட்டமே உயிர். திருவண்ணாமலைத் தேரடி வீதியின் ஒடுங்கிய வீட்டில் அதனைச் சங்கிலியிட்டு வைத்தல் கொடுமை. நாள்தோறும் விடியலில் அழைத்துச் செல்லும் கால்வலிமை நமக்கு வேண்டும். கன்னி கூச்சமுடையது, அதட்டுவோரிடம் ஒடுங்கிவிடும். என்னைப்போல் நாற்பதைக் கடந்து நூலோடு அமர்ந்திருப்போர்க்குத் தெருவில் பிறந்த நாட்டுக்குட்டியே போதும். நம் வெயிலும் உணவும் அதற்குப் பழகியவை.