நூலில் கற்கண்டு, விரலில் ஊசி

கற்கண்டைக் கடிக்கும்போது பல்லில் நூல் சிக்கியதுண்டா? கெட்டியான சர்க்கரைப் பாகில் நூலைக் கட்டி மெல்ல ஆறவிடுவார்கள். பாகு ஆற ஆற, அதில் கரைந்திருக்க முடியாத சர்க்கரை நூலைப் பற்றிக்கொண்டு படிகமாகிறது. தெவிட்டிய நிலையையும் கடந்த இத்தகைய கரைசலே மீதெவிட்டிய கரைசல்.

இதே நிகழ்ச்சி மனித உடலிலும் நடக்கிறது! செல்களிலும் உணவிலும் உள்ள பியூரின்கள் சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் அதை மேலும் சிதைக்கும் நொதி உண்டு, நம்மிடம் இல்லை. பெரும்பகுதியைச் சிறுநீரகங்களே வெளியேற்ற வேண்டும். 100 மி.லி. இரத்தத் தெளிநீரில் ஏறத்தாழ 6.8 மி.கி. வரைதான் அது கரைந்திருக்கும். அளவு மிஞ்சினால் மூட்டுகளில் ஊசி போன்ற யூரேட் படிகங்கள் தோன்றலாம். வெள்ளணுக்கள் அவற்றைத் தாக்கும்போது மூட்டு சிவந்து வீங்கி, தாங்க முடியாத வலி எடுக்கிறது. இதுவே கவுட் என்னும் நோய்.

முதலில் அகப்படுவது பெரும்பாலும் காலின் பெருவிரல். ஏன்? பாதம் உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ந்தது. வெப்பநிலை குறைந்தால் கரைதிறனும் குறையுமல்லவா? காரணங்களுள் இதுவும் ஒன்று.

19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் ஆல்பிரட் காரட், நோயாளியின் இரத்தத் தெளிநீரில் சிறிது அசிட்டிக் அமிலம் சேர்த்து, ஒரு நூலை இட்டு வைத்தார். நூலில் யூரிக் அமிலப் படிகங்கள் பூத்தன. கற்கண்டுக் கதையேதான்!

இது எத்தனை பேரைப் பாதிக்கிறது? அமெரிக்காவில் 2015-2016-இல் நடந்த தேசிய ஆய்வின்படி, வயதுவந்தோர் 100 பேரில் ஏறத்தாழ 20 பேருக்கு யூரிக் அமிலம் மிகுந்திருந்தது. கவுட் வந்திருந்ததோ ஏறத்தாழ 4 பேருக்குத்தான். வியப்பில்லை. அளவு மிகுந்த உடனே படிகம் விளைந்துவிடாது. பற்றிக்கொள்ள ஓர் இடமும் நீண்ட காலமும் வேண்டும்.

'வாய்க்கு ருசியாகத் தின்றவர் நோய்' என்று இதைக் கேலி செய்வோர் உண்டு. அது தவறு. மதுவும் இறைச்சியும் நோயைத் தூண்டலாம். ஆனால் பெரும்பாலோரிடம் சிறுநீரகம் போதிய அளவு வெளியேற்றாததே முதன்மைக் காரணம். பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. கேலிக்கு அஞ்சி வலி மாத்திரையோடு நிறுத்திக்கொள்பவர் ஏமாந்துபோகிறார். வலி அடங்கும், படிகம் அங்கேயே இருக்கும். மருத்துவர் தரும் மருந்தால் அளவு 6 மி.கி.க்குக் கீழே இறங்கி, அங்கேயே நிலைத்திருந்தால், படிகங்கள் மெல்லக் கரையும். அதற்கு மாதங்கள், ஏன், ஆண்டுகள்கூட ஆகலாம்.

ஆகவே உங்கள் வீட்டில் யாருக்கேனும் பெருவிரல் திடீரென வீங்கி வலித்தால், சிரிக்காதீர்கள்; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிறகு ஒரு கற்கண்டுக் கட்டியைத் தண்ணீரில் போட்டுக் காட்டுங்கள். கரைவதற்குப் பொறுமை வேண்டும் என்பது அவருக்கும் புரியும்.