மகன் கல்யாணம்: அச்சுவேலியில் ஒரு கோடைப் பந்தல்

கல்யாணம் என்று பேச்சு வந்தால் நாம் எல்லோரும் பெண்ணைப் பெற்றவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். நகைக்கு என்ன செய்வார்கள், விருந்துக்கு எங்கே போவார்கள் என்று அந்த வீட்டுக்காகக் கவலைப்படுகிறோம். மகனைப் பெற்றவளுக்கு என்ன வேலை? பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போய் மருமகளை அழைத்து வரவேண்டியதுதானே என்று நினைக்கிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அச்சுவேலிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும் சகோதரிகளே! நாள் வைத்த நிமிடத்திலிருந்து அங்கே தாய்க்குத் தூக்கம் கிடையாது. அது கவலையால் போன தூக்கமில்லை. சந்தோஷத்தால் போன தூக்கம். கொடுப்பதற்கென்று ஒரு வீடு தயாராகும்போது வருகிற சந்தோஷம் அது. அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்சம் அருகில் இருந்து பார்ப்போம்.

கோடையில் ஏன்?

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் பாதையில் கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று வரிசையாக ஊர்கள். அவற்றைத் தாண்டினால் அச்சுவேலி. செம்மண் பூமி. வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை என்று தோட்டங்கள். ஆறு இல்லை, பெரிய ஏரி இல்லை. கிணற்றை நம்பித்தான் வாழ்க்கை. தமிழ் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வாழும் ஊர் இது. யாழ்ப்பாண முஸ்லிம்களின் வீடுகள் பெரும்பாலும் நகரத்தில், சோனகத் தெருப் பக்கம்.

வட பகுதியில் மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில்தான். மழைக்காலத்தில் முற்றத்தில் பந்தல் போட முடியாது. அடுப்பு மூட்டினால் புகைதான் மிஞ்சும். வைகாசி, ஆனியில் முற்றம் காய்ந்து கிடக்கும். சோளகக் காற்று வீசும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுத்து வாசம் வீசும் காலமும் அதுதான். ஆடியில் இந்துக்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஆகையால் ஆனி முடிவதற்குள் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆவணிக்குத் தள்ள வேண்டும். கனடாவிலும் லண்டனிலும் பிரான்ஸிலும் இருக்கிற சித்தப்பா, மாமிமாருக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறை கிடைப்பதும் இந்தக் கோடையில்தான்.

கோடைக் கல்யாணத்தில் ஒரே ஒரு பயம் தண்ணீர். குடாநாடு சுண்ணாம்புக்கல் பூமி. நிலத்தடியில் நல்ல தண்ணீர் மேலே மிதக்க, அதற்குக் கீழே உப்புத் தண்ணீர் இருக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு நீர். ஆகவே நகையைப் பற்றி யோசிக்கும் முன்பே அந்தத் தாய் கிணற்றைப் பற்றி யோசிக்கிறாள். சமையலுக்கு எந்தக் கிணறு, பாத்திரம் கழுவ எந்தக் கிணறு என்று பக்கத்து வீட்டுக்காரியோடு பேசி முடிவு செய்கிறாள். மாப்பிள்ளை வீட்டுக் கல்யாணம் இப்படி அயல் வீட்டுக் கிணற்றில்தான் ஆரம்பமாகிறது.

பந்தலும் பலகாரமும்

முற்றத்தைக் கூட்டி, செத்தையை எரித்து, வேலியைச் சரி பார்க்கிறார்கள். முன்பெல்லாம் கிடுகு (பின்னிய தென்னோலை) வேய்ந்து பந்தல் போடுவார்கள். இன்று பல வீடுகளில் வாடகைக்குப் பந்தலும் கதிரையும் வந்து இறங்குகின்றன. ஆனாலும் வாசலில் குலை தள்ளிய வாழை மரம் இரண்டு கட்டாமல், மாவிலைத் தோரணம் தொங்கவிடாமல் கல்யாண வீடு நிறைவதில்லை.

பலகாரச் சூடுதான் பெண்களின் திருவிழா! கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு சொந்தத்திலும் அயலிலும் உள்ள பெண்கள் எல்லோரும் கூடிவிடுவார்கள். முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு. அடுப்பில் பெரிய தாச்சி. ஒரு பக்கம் அரிசி இடிக்கிறார்கள், ஒரு பக்கம் தேங்காய் துருவுகிறார்கள். "அக்கா, பாகு பதம் வந்திட்டுதோ பாருங்கோ" என்று ஒருத்தி கேட்பாள். "அவசரப்படாத பிள்ளை, கொஞ்சம் பொறு" என்று மூத்தவள் அடக்குவாள்.

பயற்றம் பணியாரம் அந்த ஊர்க் கல்யாணத்துக்கு முக்கியம். பயறை வறுத்துத் திரித்த மாவில் சர்க்கரை (அவர்கள் வழக்கில் சர்க்கரை என்றால் வெல்லம்), வறுத்த தேங்காய்ப்பூ, ஏலம், மிளகு, சீரகம் சேர்த்து உருண்டை பிடிப்பார்கள். அரிசி மாவைத் தேங்காய்ப் பாலில் கரைத்து, துளி மஞ்சள் சேர்த்து, உருண்டையை அதில் தோய்த்து எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். பல நாள் வைத்துச் சாப்பிடலாம். அரியதரத்துக்கு ஊறவைத்த அரிசியை இடித்து, சர்க்கரையோ சீனியோ சேர்த்துப் பிசைந்து, இரவெல்லாம் வைத்துவிட வேண்டும். அவசரக்காரிக்கு அரியதரம் வராது என்பது அனுபவம்.

சுட்ட பலகாரம் ஓலைப்பெட்டிகளில் அடுக்கப்படும். இத்தனை பெட்டி பெண் வீட்டுக்கு, இத்தனை வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் திரும்பும்போது கொண்டுபோக, மிச்சம் அயலுக்கு. கல்யாணத்துக்கு வர முடியாத நோயாளிக் கிழவிக்கும் ஒரு சரை போகும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தாய் நிற்பதைப் பார்க்க வேண்டும். தனக்கென்று ஒன்றும் எடுத்து வைக்க மறந்துபோயிருப்பாள்!

கொடுக்கும் வீடு

அவர்களுடைய சடங்குகள் வேறு, நம்முடைய முறை வேறு. ஆனால் அந்தச் சடங்குகளில் மாப்பிள்ளை வீட்டாரின் பங்கு என்ன என்று பார்த்தால் நமக்குத் தெரிந்த ஒரு முகம் தெரிகிறது.

நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கு. மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கிற தங்கத்தை, பெரும்பாலும் ஒரு பவுண் நாணயத்தை, பெரியவர்கள் முன்னிலையில் ஆசாரி உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. அந்தத் தாலியைக் கோர்க்கிற தடித்த கொடியும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. மணப்பெண் உடுத்துகிற கூறைச் சேலையும் அவர்கள் கொண்டுபோவதுதான். மாப்பிள்ளையின் சகோதரி அதைத் தட்டில் ஏந்திப் போவாள். கல்யாணத்தன்று காலையில் பெரியவர்கள் அறுகம்புல்லைப் பாலில் தோய்த்து மாப்பிள்ளையின் தலையில் வைத்து வாழ்த்துவார்கள். பாலறுகு வைத்தல் என்று பெயர். தலையிலிருந்து பால் வழிய மகன் உட்கார்ந்திருப்பான். நேற்றுவரை தான் கிணற்றடியில் நிறுத்திக் குளிப்பாட்டிய பிள்ளை என்று தாயின் கண் கலங்கும்.

நம் மார்க்கத்திலும் கொடுக்கும் கடமை ஆணுடையதுதான். மஹர் அவன் கொடுப்பது. வலீமா விருந்து அவன் வைப்பது. ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் பேரீச்சங் கொட்டை எடைத் தங்கம் மஹராகக் கொடுத்து மணம் முடித்ததையும், ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் நாம் அறிவோம். பணக்காரர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடுகிற வலீமா விருந்தே கெட்ட விருந்து என்றும் எச்சரித்திருக்கிறார்கள். வாழை இலையில் பரிமாறினாலும் சரி, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிட்டாலும் சரி, மகன் கல்யாணத்தின் அழகு கொடுப்பதில் இருக்கிறது.

நீளுகிற கை

இத்தனை சந்தோஷத்தையும் ஒரே வார்த்தையில் கெடுத்துவிடலாம். "பெண்ணுக்கு என்ன தருவார்கள்?" என்ற கேள்விதான் அது.

யாழ்ப்பாணத் தமிழர்களின் வழக்கச் சட்டமான தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்டது. அதிலேயே சீதனம் பற்றி விரிவாக இருக்கிறது. பெற்றோர் மகளுக்குக் கொடுக்கிற சொத்து அது. அவளுடையது. மாப்பிள்ளையின் விலையாக அது எழுதப்படவில்லை. காலப்போக்கில் என்ன ஆயிற்று? வீடு, வளவு, ரொக்கம் என்று பேரம் வளர்ந்தது. டாக்டருக்கு ஒரு விலை, எஞ்சினியருக்கு ஒரு விலை, வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு இன்னொரு விலை!

நம் வீடுகள் மட்டும் சுத்தமா? இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலி என்ற தமிழ்ச் சொல்லையே எடுத்துப் பயன்படுத்துகிறது. மணமகளின் பயனுக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணமோ அசையும் பொருளோ கைக்கூலி என்று அது சொல்கிறது. மணமகளின் பயனுக்காக! அதைத் திரும்பக் கோரும் உரிமையும் மனைவிக்கு உண்டு. இது எத்தனை பெண்களுக்குத் தெரியும்? இந்தியாவில் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. இருந்தும் கை நீளுவது நிற்கவில்லை. இந்தக் கை நீளும்போது பல வீடுகளில் பின்னால் நின்று தூண்டுகிறவள் மாப்பிள்ளையின் தாய்தான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

பந்தலுக்கு ஓலை கொடுத்த அயலவள், இரவெல்லாம் அரிசி இடித்த அக்கா, கிணற்றைத் திறந்துவிட்ட பக்கத்து வீடு... இவர்கள் எல்லோரும் ஒரு காசும் கேட்காமல் கொடுத்தார்கள். இவ்வளவு கொடையில் நிறைந்த ஒரு முற்றத்தில் நின்றுகொண்டு இன்னொரு தாயிடம் விலை பேசுவது எப்படி மனம் வருகிறது?

முற்றம் இல்லாத கல்யாணங்கள்

முற்றத்தின் அருமை அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும். 1990 அக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். பெண்களின் கழுத்திலும் காதிலும் கிடந்ததையும் பறித்துக்கொண்டார்கள். மகளுக்கென்று, வரப்போகும் மருமகளுக்கென்று குருவி சேர்ப்பதுபோல் சேர்த்த நகைகள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் தங்கினார்கள்.

சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995 அக்டோபர் 30ஆம் தேதி, இராணுவம் முன்னேறிவர, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். அச்சுவேலியும் வலிகாமத்து மண்தான். அங்கும் பூட்டிய வீடுகள், ஆளில்லாத முற்றங்கள். அதே தேதி, அதே கண்ணீர்.

ஆனால் அகதி முகாம்களிலும் கல்யாணங்கள் நடந்தன. மஹர் சொல்லி நிக்காஹ் நடந்தது. இரவல் பாத்திரத்தில் சோறு வெந்தது. பக்கத்துக் குடிசை உம்மாமார் கூடி வட்டிலப்பம் அவித்தார்கள். கொடுக்க ஒன்றுமில்லாதவர்கள் கை வேலையைக் கொடுத்தார்கள். சேர்த்த நகை போனபிறகும் கல்யாண வீட்டின் மகிழ்ச்சி போகவில்லை என்றால், அந்த மகிழ்ச்சி நகையில் இருக்கவில்லை என்றுதானே பொருள்?

2002இல் பாதை திறந்ததும் சிலர், 2009இல் போர் முடிந்தபிறகு வேறு சிலர் என்று சோனகத் தெருவுக்குத் திரும்பினார்கள். திரும்பாதவர்களும் பலர். அச்சுவேலிப் பக்கத்திலும் பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறந்து, புல் செதுக்கி, மறுபடியும் பந்தல் போட்டார்கள்.

அந்தப் பந்தல்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போர் எத்தனையோ பெண்களை விதவையாக்கியது. தனியாக நின்று மகனை வளர்த்து, பலகாரம் சுட்டு, பந்தல் போட்டு, எல்லாம் செய்த தாய், ஆரத்தி எடுக்கும் நேரத்தில் ஊர் வழக்கத்துக்குப் பயந்து உள்ளறைக்குள் ஒதுங்கி நிற்பாள். யார் வாழ்த்தை விடவும் அந்தப் பிள்ளைக்குத் தேவையானது அவளுடைய வாழ்த்து அல்லவா? நம் மார்க்கத்தில் விதவைக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா உண்டு. அதற்குப் பிறகு அவளுக்கு எந்தச் சபையிலும் தடை கிடையாது. ஆனாலும் நம்மிலும் சில வீடுகளில் மருமகளை வரவேற்க விதவைத் தாயைப் பின்னால் நிறுத்துகிற பழக்கம் எப்படியோ புகுந்திருக்கிறது. மகன்களே, நீங்கள்தான் கையைப் பிடித்து உங்கள் உம்மாவை முன்னால் அழைத்து வர வேண்டும்.

சகோதரிகளே!

உங்கள் மகனுக்கும் இந்தக் கோடையிலோ அடுத்த கோடையிலோ பந்தல் போடுவீர்கள். மண்டபமானாலும் சரி, முற்றமானாலும் சரி. அதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதிப் பாருங்கள். நாம் கொடுக்கப்போவது என்ன என்று ஒன்று. நாம் கேட்கப்போவது என்ன என்று மற்றொன்று. இரண்டாவது பட்டியல் வெறுமையாக இருந்தால், உங்கள் வீட்டுக் கல்யாணம் நல்லபடி தொடங்கிவிட்டது என்று பொருள்.

நாளைக்கு மருமகள் உங்கள் வாசலில் வந்து நிற்கும்போது அவள் மனதில் "என் வாப்பா இதற்காக எதை விற்றார்?" என்ற கேள்வி இருக்கக்கூடாது. "இந்த வீட்டில் எனக்காக எத்தனை பேர் விழித்திருந்தார்கள்!" என்ற வியப்பு இருக்க வேண்டும். அப்படி வந்த பெண் உங்களை மாமி என்று கூப்பிட்டாலும் உம்மா என்றுதான் நினைப்பாள்.

அத்தகைய பந்தல்களை அல்லாஹ் நம் எல்லோருடைய வாசல்களிலும் போட வைப்பானாக. ஆமீன்.