கிரீன் கார்டிலிருந்து குடியுரிமைக்கு: உறுதிமொழிக்கு முன் எண்ண வேண்டியவை

“அடுத்த வாரம் அமெரிக்கக் குடியுரிமைக்கான உறுதிமொழி. இங்குள்ள கணக்குகளுக்கு ஏதேனும் செய்ய வேண்டுமா?” வெளிநாடு வாழ் வாடிக்கையாளர்களிடமிருந்து நம் கிளைகளுக்கு வரும் இக்கேள்வி பெரும்பாலும் காலம் கடந்தே வருகிறது. கணக்கைப் பொறுத்தவரை செய்ய வேண்டியவை எளியவை. ஆனால் கடவுச்சீட்டு, பயணம், நிலம், வரி ஆகியவற்றில் சில முடிவுகளை உறுதிமொழிக்குப் பல மாதங்களுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். ஆகவே நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் அங்கே குடிமகனாகும் வழியையும், அதனால் இங்கே நிகழும் மாற்றங்களையும் சேர்த்தே விளக்குகிறோம்.

கிரீன் கார்டு அமெரிக்காவில் வாழவும் பணிபுரியவும் உரிமை தருகிறது, வாக்குரிமை தருவதில்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டும் அதனால் கிடைக்காது. பெற்றோரைத் தம்முடன் நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கும் உரிமை 21 வயது நிரம்பிய குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. நம் வாடிக்கையாளர் குடும்பங்களில் பலர் குடியுரிமையை நாடுவதற்கு இதுவே முதற்காரணம் என்பது நாம் காண்பது.

விண்ணப்பதாரர் 18 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். கிரீன் கார்டு பெற்று 5 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனை மணந்து, அவருடன் சேர்ந்து வாழ்பவருக்கு 3 ஆண்டுகள் போதும். இக்காலம் நிறைவடைவதற்கு 90 நாட்கள் முன்னதாகவே ‘என்-400’ என்னும் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கலாம். நன்னடத்தையும் ஆராயப்படுகிறது. குற்ற வழக்குகள் மட்டுமன்றி, வரிக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்திருக்கிறாரா என்பதும் அதில் அடங்கும்.

பலர் தடுமாறும் இடம் நாட்கணக்கு. இதில் இரண்டு தனித்தனி விதிகள் உள்ளன. முதலாவது, வசிப்பு தொடர்ச்சியாக இருத்தல். ஒரே பயணத்தில் 6 மாதத்திற்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் தொடர்ச்சி அறுந்ததாகக் கருதப்படும். அறவில்லை என்பதை விண்ணப்பதாரரே சான்றுகளுடன் நிறுவ வேண்டும். ஓராண்டோ அதற்கு மேலோ தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தே போகும். திரும்பி வந்து குறைந்தது 4 ஆண்டும் ஒரு நாளும் கழிந்த பின்னரே விண்ணப்பிக்க இயலும். நெடுநாள் வெளியே இருக்க நேர்வோர் புறப்படுமுன் மறுநுழைவு அனுமதி பெறுவதுண்டு. அது கிரீன் கார்டைக் காக்க உதவுமேயன்றி, குடியுரிமைக்கான தொடர்ச்சியைக் காப்பதில்லை. இவ்வேறுபாடு தெரியாமல் ஆண்டுகளை இழந்தோர் உளர்.

இரண்டாவது விதி, கடந்த 5 ஆண்டுகளில் பாதியளவேனும், அதாவது 30 மாதங்கள், அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்பது. 5 ஆண்டுகள் என்பது 1826 நாட்கள், பாதி 913. பிள்ளைகளோடு வாழ அமெரிக்கா சென்ற பெற்றோரை எடுத்துக்கொள்வோம். அங்கே குளிர்காலம் தொடங்கியதும் ஊருக்குத் திரும்பி, பொங்கல் முடித்து, கோடையில் மீண்டும் செல்பவர்கள் அவர்கள். ஆண்டுக்கு 180 நாட்கள் இங்கே தங்கினால் 5 ஆண்டில் 900 நாட்கள் வெளியே. அமெரிக்காவில் இருந்தவை 926. தேர்ச்சிதான், ஆனால் 13 நாள் இடைவெளியில். அதையே 185 நாட்களாக நீட்டினால் அமெரிக்காவில் இருந்தவை 901 ஆகிவிடும், விண்ணப்பம் நிற்காது. ஒவ்வொரு பயணமும் 6 மாதத்தைத் தாண்டியதற்கான ஐயமும் உடன் எழும். பழைய கடவுச்சீட்டுகளையும் பயணச்சீட்டுகளையும் எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு நாம் சொல்வது இதற்காகவே. விண்ணப்பத்தில் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்தின் தேதியையும் எழுத வேண்டியிருக்கும்.

நேர்காணலில் ஆங்கிலம் பேசவும், ஒரு வாக்கியத்தைப் பிழையின்றிப் படிக்கவும், ஒன்றை எழுதவும் சொல்வார்கள். அமெரிக்க வரலாறு, ஆட்சிமுறை பற்றிய வாய்மொழித் தேர்வும் உண்டு. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போருக்கு 128 வினாக்கள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை கேட்கப்படும். 12க்குச் சரியான விடை வேண்டும். முன்பு 100 வினாக்களிலிருந்து 10 கேட்டு, 6 சரியானால் போதும் என்றிருந்தது. முதல் முறை தவறினால் மீண்டும் ஒரு வாய்ப்பு அளிக்கப்படும்.

முதியோருக்குச் சலுகை உண்டு. ஆனால் அது வயதை மட்டும் பார்த்துத் தரப்படுவதன்று. 50 வயது கடந்து கிரீன் கார்டுடன் 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்களும், 55 வயது கடந்து 15 ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் ஆங்கிலத் தேர்வின்றி, மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தமிழிலேயே வரலாற்று வினாக்களுக்கு விடையளிக்கலாம். 60 வயதில் மகன் அழைப்பின்பேரில் சென்ற தாயார், 65 வயதில் விண்ணப்பிக்கும்போது இச்சலுகையைப் பெற முடியாது. அவர் ஆங்கிலம் கற்றாக வேண்டும். அல்லது 15 ஆண்டுகள் நிறையக் காத்திருக்க வேண்டும். உடல், மன நலக் குறைபாட்டால் கற்க இயலாதோர் மருத்துவச் சான்றுடன் விலக்குக் கோரலாம்.

விண்ணப்பக் கட்டணம் 2024 ஏப்ரல் முதல் இணையவழியில் 710 டாலர், தாளில் 760 டாலர். கைரேகைப் பதிவு, நேர்காணல் ஆகியவற்றிற்குப் பின் உறுதிமொழி விழா நடைபெறும். நேர்காணலில் தேறியதனாலேயே எவரும் குடிமகனாவதில்லை. உறுதிமொழி கூறி, கிரீன் கார்டைத் திருப்பித் தந்து, குடியுரிமைச் சான்றிதழ் பெறும்போதே அந்நிலை கிட்டுகிறது.

அதே கணத்தில் இந்தியக் குடியுரிமை நீங்கிவிடுகிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறுபவர் இந்தியக் குடிமகனாகத் தொடர்வதில்லை. இதற்குத் தனி விண்ணப்பமோ ஆணையோ தேவையில்லை. ஆகவே கையிலுள்ள இந்தியக் கடவுச்சீட்டில் இன்னும் சில ஆண்டுகள் செல்லுபடிக் காலம் இருப்பினும் அதைக் கொண்டு பயணம் செய்தல் குற்றமாகும். அதை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்று பெற வேண்டும். அதன் பின்னரே ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

உறுதிமொழிக்கும் ஓ.சி.ஐ. அட்டை கைக்கு வருவதற்கும் இடைப்பட்ட காலமே இடர் மிகுந்தது. பழைய கடவுச்சீட்டு பயன்படாது. புதிய அமெரிக்கக் கடவுச்சீட்டு வந்த பின்னரும் இந்தியாவுக்குள் நுழைய விசா வேண்டும். ஊரில் தந்தை மருத்துவமனையில் இருக்கையில் இந்நிலையில் சிக்கிக்கொள்வது எத்துணைத் துயரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வயது முதிர்ந்த பெற்றோரை ஊரில் விட்டு வந்தவர்களும், திருமணம் போன்ற நாள் குறித்த நிகழ்ச்சிக்கு வர இருப்பவர்களும், உறுதிமொழி நாளைக் கணக்கில் கொண்டே பயணத்தைத் திட்டமிடுவது நலம்.

ஓ.சி.ஐ. அட்டை வாழ்நாள் முழுவதும் வந்துபோக வழிசெய்கிறது; அஃது இரட்டைக் குடியுரிமை அன்று. வாக்குரிமை இல்லை. வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் வாங்க இயலாது. வெளிநாடு வாழ் இந்தியராக இருக்கும்போதே இத்தடை உண்டு என்பதால் சிலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஓய்வுபெற்று ஊர் திரும்பி, நிலம் வாங்கி வேளாண்மை செய்ய எண்ணுபவர் குடியுரிமையை மாற்றுமுன் இதை எடைபோட வேண்டும். மரபுரிமையாக வந்த நிலத்தை வைத்துக்கொள்ளத் தடையில்லை. விற்பதாயின் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்கலாம். எனவே அண்ணனும் தம்பியும் அமெரிக்காவில் இருந்தால், ஒருவர் பங்கை மற்றவர் விலைக்கு வாங்க முடியாது. பாகப்பிரிவினையை முன்கூட்டியே பேசி முடித்தல் நன்று.

வங்கிக் கணக்குகளைப் பொறுத்தவரை அச்சம் வேண்டியதில்லை. என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளை இந்திய வம்சாவளியினர் என்ற நிலையில் தொடரலாம். அமெரிக்கா சென்ற பின்னும் பழைய உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கை மாற்றாமல் வைத்திருப்போர், குடியுரிமை வரை காத்திராமல் அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்க வேண்டும். விடுபட்டிருந்தால் இப்போதே மாற்றுக.

வரியில் ஒரு செய்தி பலருக்கு வியப்பளிக்கும். என்.ஆர்.இ. வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அமெரிக்காவில் உண்டு. அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டின் எந்நாளிலேனும் 10,000 டாலரைத் தாண்டினால் அந்நாட்டு அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இவை கிரீன் கார்டு உடையோருக்கும் பொருந்தும். ஆனால் கிரீன் கார்டை முறைப்படி ஒப்படைத்து ஊர் திரும்பியவருக்கு இக்கடமைகள் பொதுவாக முடிவுக்கு வரும். குடிமகனுக்கு அவ்வாறில்லை: மதுரையிலோ மும்பையிலோ குடியேறிய பின்னும் உலகில் எங்கு ஈட்டிய வருமானமாயினும் அமெரிக்க வரி விதிக்கு உட்பட்டதே. ஊர் திரும்பி உள்நாட்டுக் கணக்கு தொடங்கும்போதும் வங்கியின் வரி உறுதிமொழிப் படிவத்தில் அமெரிக்கக் குடியுரிமையைக் குறிப்பிட வேண்டும்.

இறுதியாக, பெயர். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட நம்மவர் பலர், குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றமும் கோரி, முழுப்பெயரை வேறு வரிசையில் அமைத்துக்கொள்கின்றனர். இங்கோ பழைய வைப்புச் சீட்டு, பெட்டகம், பெற்றோர் கணக்கின் நியமனம் ஆகியவை பழைய பெயரிலேயே இருக்கும். கிளைக்கு வரும்போது புதிய கடவுச்சீட்டு, ஓ.சி.ஐ. அட்டை, ரத்துசெய்யப்பட்ட பழைய கடவுச்சீட்டு ஆகியவற்றின் நகல்களோடு, பெயர் மாற்றத்திற்கான ஆவணத்தையும் கொண்டுவந்து எல்லாப் பதிவுகளையும் ஒருசேரத் திருத்திக்கொள்ளுங்கள்.