மலைப்பாதையில் எரிந்த மஞ்சள் விளக்கு

வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானல் ஏறும் லாஸ் மலைச்சாலையில், அடைமழையிலே நோயாளியை ஏற்றிக்கொண்டு இறங்கியவர்கட்கு அதன் வளைவுகளைப் பற்றி நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சென்ற ஐப்பசியில் சமவெளிக்குச் சென்று, காருக்குப் புது டயர்கள் மாட்டி, வீல் அலைன்மென்ட்டும் செய்துகொண்டு திரும்புகையில், காமக்காப்பட்டியை எட்டுமுன்பே மஞ்சள் விளக்கொன்று எரியலாயிற்று. சறுக்கிச் செல்லும் காரின் உருவம் அதில் தெரிந்தது. "ஸ்டீயரிங் சென்சார் போய்விட்டது, புதிதுதான் மாட்ட வேண்டும்" என்றனர் ஒரு பட்டறையில். அவர்கள் சொன்ன தொகை என்னைத் திடுக்கிட வைத்தது.

இக்கருவி செய்யும் வேலைதான் என்ன? ஓட்டுநர் ஸ்டீயரிங்கை எத்தனை பாகை திருப்புகிறார் என்று காரின் கணினிக்கு அறிவிப்பதே. வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை வேறொரு சென்சார் உணர்த்தும். சேற்றிலோ, ஈரச்சருகிலோ கார் வழுக்கி, இவ்விரண்டும் முரண்படுமாயின், கணினி தேவையான சக்கரத்தை மட்டும் தானே பிரேக் பிடித்து, வண்டியை வழிக்குக் கொணரும். 1995-ல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் முதன்முதல் வந்த ஏற்பாடு இது. விளக்கு மினுமினுத்தால் அக்காவல் வேலை செய்கிறதென்று பொருள். அணையாது எரிந்தாலோ, காவல் விலகிவிட்டதென்று பொருள். மலைவாசிகள் இதனை அசட்டை செய்யலாகாது.

கோடைக்கானலில் முதிய மெக்கானிக் ஒருவர் எதையும் கழற்றவில்லை. "சாமி, நேர்ரோட்டில் ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா?" என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி. சற்றே இடப்புறம் சாய்ந்திருந்ததை நான் கண்டும் பொருட்படுத்தாதிருந்தேன்! பாட்டரியின் மின்னழுத்தம் குறைவில்லையென்று உறுதி செய்துகொண்டார். பின்பு காரைச் சமதளத்தில் நிறுத்தி (இவ்வூரில் அதனைத் தேடுவதே ஒரு வேலை), ஸ்கானரைப் பொருத்தினார். சக்கரங்கள் நேராக இருக்கையில் சுழியத்தையொட்டி இருக்க வேண்டிய எண் 9 பாகை காட்டிற்று. இருபுறமும் மெல்லத் திருப்பியபோது எண் தாவாமல், தடைபடாமல் ஏறி இறங்கியது. கருவி பழுதில்லை, அலைன்மென்ட் செய்தவர்கள் ஸ்டீயரிங்கை நடுவில் நிறுத்தாமலே சக்கரங்களை நேராக்கிவிட்டனர். நேராக ஓடும் வண்டி திரும்புவதாகக் கருவி கூற, கணினி அதனை நம்ப மறுத்தது.

எண் தாவினாலோ மறைந்தாலோதான் கம்பியையும் இணைப்பையும், இறுதியாகச் சென்சாரையும் ஐயுற வேண்டுமாம். ஸ்டீயரிங்கினுள் காற்றுப்பை இருப்பதால் நாமே அதனைத் திறப்பது ஆபத்து.

சுழியத்தை மட்டும் மாற்றிப் பதிந்து அனுப்பியிருக்கலாம். அவர் அதற்கு இசையவில்லை. முதலில் அலைன்மென்ட்டைத் திருத்தச் செய்து, பிறகே ஸ்கானரால் சுழியத்தைப் பதித்தார். மறுவாரம் ஒரு மூதாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு கொட்டும் மழையில் இறங்கினேன். பெருமாள்மலை கடந்தும் விளக்கு எரியவில்லை.