மீளும்வழி குறுகுவதேன்?

அச்சுவேலிக்கும் யாழ்ப்பாண நகருக்கும் இடைத்தொலை ஏறத்தாழப் பத்து மைல். ஆவரங்கால், புத்தூர், சிறுப்பிட்டி, நீர்வேலி, கோப்பாய் என ஊர்கள் முறையே வந்து கழியும். எப்போதோ ஒருகால் நகருக்குச் செல்வோனுக்கு இவ்வழி நெடிதாகத் தோன்றுகின்றது. மாலையில் பஸ்ஸில் மீள்பவனோ, ‘அதற்குள் ஊர் வந்துவிட்டதா?’ என வியக்கின்றான். வீதி குறுகவில்லை, கடிகாரமும் பொய் சொல்லவில்லை.

மீள்கையில் வழி பழகிவிட்டது என்பதே இதற்குப் பலருங் கூறும் விடை. கேட்பதற்குப் பொருத்தமானதே, ஆயின் சோதனைக்கு முன் அது நிற்பதன்று. ஒல்லாந்து தேசத்துத் தில்பேர்க் பல்கலைக்கழகத்து உளநூலார் நீல்ஸ் வான் டி வென் என்பாரும் துணைவரும் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அதிலே துவிச்சக்கர வண்டியிற் சென்றோருட் சிலர் வந்த வழியாலும், ஏனையோர் அதே தூரமுடைய வேறு வழியாலும் மீண்டனர். இருசாராருக்கும் மீட்சி குறுகியதாகவே தோன்றிற்று. பழக்கமே காரணமாயின், காணாத வழி குறுகுதல் எங்ஙனம்?

அவர்கள் கண்ட காரணம் எதிர்பார்ப்பு. புறப்படுவோன் விரைவிற் சேர்வோம் என்று குறைத்து மதிக்கின்றான். வழி அம்மதிப்பை மீறுதலால் நீண்டதாகின்றது. அந்நீளத்தையே அளவாகக் கொண்டு திரும்புகின்றான். எண்ணியதற்கு முன்னரே ஊர் வந்துவிடுகின்றது. ‘இப்பயணம் நெடிதாகத் தோன்றும்’ என முன்கூட்டியே சொல்லப்பட்டோரிடம் இம்மயக்கம் தோன்றாமை இதற்கு வலிய சான்று. நாள்தோறும் கல்லூரிக்குச் செல்லும் மாணவன் இவ்வேறுபாட்டைப் பெரிதும் உணராமையும் இதனாலேயே எனலாம். அவன் மதிப்புத் தவறுவதில்லை.

2015இல் யப்பானிய ஆய்வாளர் இன்னொன்று கண்டனர். நடைப்பயணப் படக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கையில் காலத்தை மதிப்பதில் வேறுபாடு இல்லை. முடிந்தபின் இரண்டையும் நினைத்து ஒப்பிடும்போதே மீட்சி சுருங்கிற்று. ஆகவே இக்குறுக்கம் நடக்குங் காலில் இல்லை, நினைவில் உள்ளது.

இவையனைத்தும் மீட்சி உறுதியான பயணங்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, திரும்பும் நாளை அறிந்தார் எவருமிலர். அடுத்த ஆண்டிற் பலர் மீண்டனர்; வலிகாமம் வடக்கினருட் பலருக்கு அதன்பின்னும் பல்லாண்டுகள் ஊர்வழி திறக்கவில்லை. மேற்கூறிய ஆய்வுகளில் அத்தகைய வழி அளக்கப்படவில்லை.